ஒன்பது நாள் சாப்பிடாத விலாங்கு

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஜொகூர் பாருவை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றில் நானும் கணவரும் மகளும் இருக்கிறோம். அப்போது மகளுக்கு நான்கு வயது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைக் கடப்பவர், வீடு திரும்பும்போது மகளுக்குக் கண் சொருகத் தொடங்கியிருக்கும். நான் வங்கி வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொள்கிறேன். உண்மையிலேயே பார்த்துக்கொண்டே இருப்பேன். எத்தனை வாய் சாப்பிட்டாள், கோப்பையில் எவ்வளவு பால் மீதி வைத்தாள், காலையில் இருமினாளா, எல்லாம் என் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் சரியாகச் சாப்பிடாத பிள்ளை. ஒரு கோப்பைப் பாலைக் குடிக்க ஒரு மணி நேரம் எடுப்பாள்.

எங்கள் வரவேற்பறையில் நான்கு அடி நீளத்தில் ஓர் உப்புநீர் மீன் தொட்டி உண்டு. அது கணவருடையது. அதற்குள் இருந்த இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் மகளுடையவை. பெரிய ஆசைகள் எதுவும் இல்லாத மனிதர், திருமணத்திற்கு முன்பிருந்தே ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டியில் ஒரு கடல் விலாங்கு வேண்டும். பாறை இடுக்கிலிருந்து அது தலையை மட்டும் நீட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் பட்ட அலுப்பு போய்விடுமாம்.

பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கிறது என்றும், பிறகு பிள்ளை இருக்கிற வீடு என்றும் ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். அந்த ஆண்டு அவருக்கு வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் போய்க்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துபோவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து என் நிம்மதி போயிற்று.

அடுத்த வாரமே, அவர் வழக்கமாகப் போகும் கடையில் விலாங்குகள் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. அவர் வந்து சேர்வதற்குள் கடை மூடிவிடும்.

"நீயே போய்ப் பாத்து எடுத்துட்டு வந்துடும்மா. நீ பாத்தா தப்பா எடுக்க மாட்டே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை. இரண்டு நாள் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகள் எழுதினேன். முதல் கேள்வி "கடிக்குமா?" அதன் கீழே மூன்று கோடு போட்டேன். என் மகளுக்கு நாற்காலியில் ஏறித் தொட்டிக்குள் விரல் விடும் பழக்கம் இருந்தது.

கடையில் விலாங்குகளைப் பார்த்துக்கொண்டவள் ஓர் இளம்பெண். யோங் பெங் பக்கத்துத் தமிழ்ப் பெண். முழங்கை வரை ஈரம், காதில் பென்சில். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஒரு தொட்டியின் முன்னால் போய் ஒட்டிக்கொண்டாள். உள்ளே நாடா மாதிரி மெல்லிய உடம்பு, பளீரென்ற நீலம், முதுகு நெடுக மஞ்சள் கோடு. இவ்வளவு அழகான ஒரு உயிரை நான் பார்த்ததே இல்லை. வாயும் சின்னது. மனத்துக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"அக்கா, அத மட்டும் கேக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"ஏன், கடிக்குமா?"

"கடிக்காது. சாப்பிடவும் சாப்பிடாது. அதான் பிரச்சன. கடல்லேர்ந்து புடிச்சுட்டு வந்து வீட்டுத் தொட்டில விட்டா வாயத் தொறக்காது. அப்படியே மெலிஞ்சு மெலிஞ்சு போயிடும்."

"பிறகு ஏன் வச்சிருக்கீங்க?"

"பெட்டியில வந்துருச்சு லா. பாஸ் வாங்கிட்டாரு. நான் யார் தலையிலயும் கட்ட மாட்டேன்."

சாப்பிடாது என்ற சொல் என்னை எங்கோ போய்க் குத்தியது. மகளின் மெலிந்த கழுத்தைப் பார்த்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தேன்.

அங்கே என் கைத் தடிமனில் பழுப்பாக ஒன்று. அதன் வாயைப் பார்த்ததுமே மகளை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டேன். "இது வேணாங்க்கா. இன்னும் வளரும். உங்க தொட்டில திரும்பக்கூட எடம் இருக்காது. பல்லப் பாத்தீங்களா, ஊசி" என்றாள் அவளே.

மூன்றாவது தொட்டியில் ஒரு குழாயிலிருந்து வெள்ளைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள், அவற்றுக்குள் மஞ்சள் புள்ளிகள். ஸ்னோஃபிளேக் என்று பெயர் சொன்னாள். அது என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

"மொறைக்கல அக்கா, மூச்சு விடுது. வாயத் தொறந்து மூடினாத்தான் அதுக்குத் தண்ணி உள்ள போகும். மூடியே கெடந்தாத்தான் நீங்க பயப்படணும்."

"கடிக்குமா?"

"வாய் இருக்கிறது எல்லாம் கடிக்கும். ஆனா இதுக்குப் பல்லு மழுங்கல், நண்டு இறாலு நொறுக்குறதுக்கு. கண்ணு அவ்வளவா தெரியாது. வாசன புடிச்சுதான் வரும். இறாலு உரிச்ச கையோட உள்ள விட்டீங்கன்னா, எது இறாலு எது விரலுன்னு அதுக்குத் தெரியாது."

எழுதிக்கொண்டேன். நான் படித்திருந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. விலாங்கு வாங்குவதற்கு முன், அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஊட்டிக் காட்டச் சொன்னேன். நீண்ட இடுக்கியில் ஒரு இறால் துண்டை நீட்டினாள். வெள்ளைத் தலை மெல்ல வெளியே வந்தது, முகர்ந்தது, பறித்துக்கொண்டது. எனக்குத் திருப்தியில்லை. தற்செயலாக எடுத்திருந்தால்? இன்னொரு முறை கொடுக்கச் சொன்னேன். இன்னொரு முறையும் எடுத்தது.

அவள் சிரித்துவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி இருக்கீங்க அக்கா. இன்னும் கொஞ்சம் விட்டா பாட்டுப் பாடச் சொல்வீங்க."

பையில் கட்டிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னாள். இது கடித்து வரும் தொல்லையைவிட, ஏறி ஓடிவிட்டது என்று வரும் தொல்லைதான் அதிகம். விரல் நுழையும் சந்து இருந்தாலும் போய்விடும், மூடியில் கனமாக எதையாவது வையுங்கள் என்றாள். அதையும் நோட்டில் எழுதினேன். பத்தாவதாக எழுதினேன், கோடு போடாமல். கணவர் அன்றே மூடியின் ஓரங்களில் இருந்த சந்துகளை அடைத்து, மேலே இரண்டு பெரிய தண்ணீர் போத்தல்களை நிறுத்தினார்.

விலாங்கு பாறைக்குள் புகுந்துகொண்டது. முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கடையில் இரண்டு முறை பறித்துத் தின்ற அதே விலாங்கு, என் வீட்டு இறாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னதாக வெட்டிப் பார்த்தேன். கணவாய் வாங்கி வந்து பார்த்தேன். காலை, மதியம், மாலை இடுக்கியோடு போய் நின்றேன். அது தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது.

கடைப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "புது எடம் அக்கா, ரெண்டு வாரம்கூட ஆகலாம். சும்மா விடுங்க. நீங்க பக்கத்துலயே நின்னா எப்படிச் சாப்பிடும்?" என்று பதில் அனுப்பினாள். கணவரும் அதையே சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. தப்பாக எடுத்துவிட்டேனோ? அந்தப் பெண் பொய் சொல்லி விற்றாளோ? வீட்டுத் தண்ணீரில் ஏதாவது குறையா? இரண்டு பட்டினிக்காரர்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று, மகளுக்குச் சோறு ஊட்டுவதைத் தொட்டிக்கு முன்னாலேயே மாற்றிக்கொண்டேன்.

"ஆ காட்டு. பாரு, அதுவும் சாப்பிடல, நீயும் சாப்பிடல. அம்மா என்னதான் பண்றது?"

அவள் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை கேட்டாள், "சாப்பிடலன்னா செத்துடுமா அம்மா?" நான் இடுக்கியில் கவனமாக இருந்தேன். "ம்" என்றேன்.

இப்படியே எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வீட்டில் சாம்பிராணி போடுவேன். தொட்டி வைத்திருக்கும் வீட்டில் அதற்கு ஒரு தனி வேலை இருக்கிறது. தொட்டியில் கழிவு நுரையைப் பிரித்தெடுக்கும் கருவி, அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்தும். புகை போட்டால் புகையும் உள்ளே போகும். அதனால் முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஈரத் துணியால் தொட்டியைப் போர்த்திவிட்டுத்தான் தூபக்காலை எடுப்பேன். மாதக்கணக்காகச் செய்து பழகிய வேலை. ஆனால், மூடி மேல் போத்தல்கள் வந்த பிறகு வந்த முதல் வெள்ளியில் கணவர் விடுப்பில் வீட்டில் இருந்தார், அவர் பார்த்துக்கொண்டார். இந்த வெள்ளி நான் மட்டும்தான். துணியை விரிப்பதற்காகப் போத்தல்களை எடுத்துக் கீழே வைத்தேன்.

புகை காட்டி முடித்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, துணியை ஒரே இழுப்பில் உருவினேன். அப்போது கைப்பேசி அடித்தது. வெளியே மழையும் பிடித்துக்கொண்டது. மகளுக்கு வரவேற்பறையில் அவளுடைய குட்டை மேசையில் பால் கோப்பையைக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே பின்பக்கம் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினேன். கணவர்தான். எல்லைச் சுங்கச் சாவடி வரிசையில் நிற்கிறாராம்.

"இன்னைக்காவது சாப்பிட்டுச்சா?" என்றார்.

"எங்க? ஒன்பது நாளுங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு. நான்தான் தப்பா பாத்து எடுத்துட்டேன்."

"அலமாக், நீ ஏன்மா இப்படி? அதுக்குப் பசிச்சா அது சாப்பிடும்."

"பசிச்சும் சாப்பிடாம இருந்தா?"

மடித்து வைத்த துணியோடு நின்று பத்து நிமிடம் புலம்பியிருப்பேன். நான் அங்கே அது சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அது தொட்டியிலேயே இல்லை.

வரவேற்பறைக்கு வந்தபோது மகள் மேசையில் இல்லை. சாமி மேடைக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். கையில் கோப்பை. காலடி ஓசை கேட்டதும் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ்... அம்மா, சத்தம் போடாத. அது வந்துருச்சு. நான் பால் குடுக்கிறேன்."

அவளுடைய முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, தரையில், பால் குட்டைக்குள் விலாங்கு சுருண்டு கிடந்தது. அவள் கோப்பையைச் சாய்த்து அதன் தலைமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய மாதம் பாலோ என்ற ஊரில் ஓர் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். அங்கே அவள் கையைப் பிடித்து, புற்றுக்குப் பால் ஊற்ற வைத்தவள் நான்தான். "மெதுவா ஊத்தணும், பயப்படக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். மெதுவாகத்தான் ஊற்றினாள். பயப்படவில்லை. அவளுடைய சுண்டுவிரல் அதன் வாயிலிருந்து ஓர் அங்குலம்கூட இல்லை.

நான் எப்படி அந்த இடத்தைக் கடந்தேன் என்று தெரியவில்லை. அவளைப் பின்னாலிருந்து வாரித் தூக்கினேன். கோப்பை உருண்டது. சோஃபாவில் உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன். பத்தும் முழுதாக இருந்தன. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

"அதுக்குப் பசிக்குதும்மா. நீதானே சொன்னே, சாப்பிடலன்னா செத்துடும்னு. நான் என் பாலு எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். துணியை உருவியபோது மூடி ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்திருந்தது. போத்தல்கள் நான் வைத்த இடத்தில், தரையில் நின்றன. நிறுத்திய கருவிகளைத் திரும்பப் போடவும் இல்லை. நோட்டில் பத்தாவதாக எழுதியது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

விலாங்கு அசையவில்லை. வாய் மூடிக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கடைக்கு அழைத்தேன். நல்லவேளை, அந்தப் பெண்ணே எடுத்தாள். விலாங்கு தரையில் கிடப்பதைச் சொன்னேன்.

"அக்கா, தூக்கிப் போட்டுறாதீங்க! வழவழன்னு இருக்கா, காஞ்சு ஒட்டிப்போச்சா?"

"வழவழன்னுதான் இருக்கு. பால்... பால் ஊத்தியிருக்கா என் பொண்ணு."

"என்னது? சரி, பரவால்ல. பைப்புத் தண்ணில கழுவிடாதீங்க. மாத்துறதுக்கு உப்புத் தண்ணி கலக்கி வச்சிருப்பீங்கல்ல, அது ஒரு வாளில எடுங்க. துண்ட அதுல நனைச்சு அத அப்படியே சுத்தித் தூக்குங்க. வெறுங்கையால புடிக்காதீங்க. வாளில ஒரு அலசு அலசிட்டுத் தொட்டில விடுங்க. மோட்டார் எல்லாம் போடுங்க."

நான் ஏற்கெனவே குளியலறைக் குழாயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

அதுவரை அந்த உயிரை நான் தொட்டதே இல்லை. துண்டில் சுற்றித் தூக்கியபோது கனமாக, தொளதொளவென்று தொங்கியது. வாளியில் பால் கலைந்து வெள்ளையாகப் பரவியது. தொட்டிக்குள் விட்டேன். மணலில் போய் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கருவிகளைப் போட்டேன், மூடியைச் சரிசெய்தேன், போத்தல்களை வைத்தேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதன் வாயையே பார்த்தேன். கடையில் எந்த வாய் திறந்து மூடியதைப் பார்த்துப் பின்வாங்கினேனோ, அதே வாய். மூடியே கிடந்தது. மகள் அழுகை நின்று பக்கத்தில் வந்து என் கைலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆ காட்டு" என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "ஆ... ஆ காட்டும்மா."

பக்கத்தில் அவளும் தன் வாயை அகலத் திறந்து, அதற்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், "ஆ" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. மழை விட்டிருந்தது. முதலில் செவுள் பக்கம் லேசாகத் துடித்த மாதிரி இருந்தது, என் பிரமையோ என்று நினைத்தேன். பிறகு அந்த வெள்ளை வாய் ஒருமுறை திறந்தது. மூடியது. கொஞ்சம் கழித்து மறுபடி திறந்தது. மகள் கைதட்டினாள். நான் தரையில், வாளியிலிருந்து சிந்தியிருந்த பால் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அவர் மகளின் விரல்களைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், பாறைக்குள் திரும்பியிருந்த விலாங்கைப் பார்த்தார். "நீ எடுத்தது சரிதான். மூடினதுதான் சரியில்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் கடைப் பெண் நிலைமையை விசாரித்தாள். தோல் காயாமல் இருந்ததால் பிழைத்திருக்கலாம், அதில் பாலுக்கும் பங்கு இருக்கலாம் என்றாள். "ஆனா இத யார்கிட்டயும் சொல்லாதீங்க, நாளைக்கு எல்லாரும் பால் ஊத்த ஆரம்பிச்சுருவாங்க" என்று சிரித்தாள். அடுத்த நான்கு நாள் நான் இடுக்கியைத் தொடவில்லை. கணவர்தான் வேலைக்குப் போகுமுன் பாறை ஓரத்தில் ஒரு இறால் துண்டை வைத்துவிட்டுப் போவார், மாலையில் அது அப்படியே கிடக்கும், அவரே வந்து எடுத்துவிடுவார். நான்காம் நாள் வீட்டைக் கூட்டிக்கொண்டே தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது துண்டைக் காணவில்லை. அது சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. என் மகளும் பார்க்கவில்லை. ஆனால் சொன்னதும் சமையலறை வரை குதித்துக்கொண்டே போனாள்.

அந்த விலாங்கு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மகள் இன்னும் பாலுக்கு ஒரு மணி நேரம்தான் எடுக்கிறாள். நானும் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. மூடியை மூன்று முறை அழுத்திப் பார்க்காமல் படுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஏதாவது பயம் வந்து வாய்விட்டுப் புலம்பத் தொடங்கும்போதெல்லாம், பால் கோப்பையைச் சாய்த்துப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கை கண்முன் வந்து நிற்கும். கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தி, என் பயத்தைத் தீர்த்து வைக்கத் தன்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளே என்று என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.